அதே தூள், அதே பால், அதே கை

கேள்வி:

"எனக்கு 61 வயது. பல்லடம் பக்கம். முப்பது வருடம் தறி ஓட்டிவிட்டு, போன தை மாதம் சாவியைப் பையன் கையில் கொடுத்துவிட்டேன். இனி நிதானமாக டீ குடித்துக்கொண்டு, மாடியில் நாலு செடி வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டுமே சரிப்படவில்லை. வீட்டில் போடும் டீ கறுத்துப் போய், மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மினுங்குகிறது. தூளை மூன்று தடவை மாற்றிவிட்டோம். பையன் விலை கூடின கிரீன் டீ வாங்கி வந்தான், கசக்கிறது. கோவையில் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் மட்டும் டீ மணக்கிறது. அங்கேயும் அதே தூள், அதே பால், போடுவதும் என் வீட்டுக்காரம்மாதான். செடிகளும் இலை நுனி கருகி ஒவ்வொன்றாகப் போகின்றன. குடிக்க மட்டும் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். அதில் கழியும் தண்ணீரை வீணாக்காமல் தொட்டிகளுக்குத்தான் ஊற்றுகிறேன். தொட்டியில் டீச்செடியே வளர்க்கலாமா? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கீழே தறி ஓடுகிறபோது மேலே சும்மா உட்கார்ந்து டீ குடிக்க மனசு வருவதில்லை."

பதில்:

வணக்கமுங்க.

உங்கள் கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எங்கே என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பது 31 வருடம் என் வேலையாக இருந்தது. நீளமான மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் என்ற கணக்கில் எடை போட்ட தூள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, மணி பார்த்து ஆறு நிமிடத்தில் வடிப்போம். பிறகு ஒரு கரண்டி எடுத்து, 'சுர்ர்' என்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். மரியாதைக் குறைவாகத் தெரியும், ஆனால் அப்படி உறிஞ்சினால்தான் டீ வாய் முழுக்கத் தெறித்து மணம் மூக்குக்கு ஏறும். அப்புறம் துப்பிவிட வேண்டும். ஒரு காலையில் இருநூறு கோப்பை வரை போகும். விழுங்கினால் ஆள் தாங்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மேசையில் தண்ணீர், எடை, நேரம், கோப்பை எல்லாமே ஒன்றுபோல இருக்கும். அதனால் ஒரு கோப்பை மாறி ருசித்தால் குறையோ நிறையோ இலையில்தான் என்று கண்ணை மூடிச் சொல்லலாம். உங்கள் வீட்டு வழக்கு இதற்கு நேர்த் தலைகீழ். அதே தூள், அதே பால், அதே கை. மாறியது என்ன? பல்லடத்தை விட்டு ஆர்.எஸ்.புரம் போனதும் குழாயில் வருவது மாறிவிடுகிறது. அங்கே சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்.

"குடிக்க மட்டும் ஆர்.ஓ." என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பதில் அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. டீயைக் கொதிக்க வைக்கத்தானே போகிறோம், அதற்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று வீட்டில் உப்புத் தண்ணீரையே பிடித்து வைக்கிறார்கள் என்பது என் ஊகம். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் நிறைய இருக்கும். தண்ணீர் காய வைக்கும் போசியின் அடியில் காரை மாதிரி வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து இந்த இரண்டோடும் சேர்ந்து காற்றுப் படும் மேற்பரப்பில் ஒரு படலம் கட்டுகிறது. நீங்கள் எண்ணெய் என்று நினைத்தது அதைத்தான். கறுப்பும் அதன் வேலைதான். டீ நிறம் கறுத்து, மணம் அமுங்கி, நாக்கில் சுருக்கென்று பிடிக்கும் அந்தத் துடிப்பு போய்விடும். எங்கள் தொழிலில் அந்தத் துடிப்பை 'பிரிஸ்க்' என்போம். அது இல்லாத டீக்கு ஏலத்தில் விலை ஏறாது. எந்த ஊருக்குப் போகிற தூளோ அந்த ஊர்த் தண்ணீரில் ருசி பார்த்துக் கலவை சேர்ப்பது தேயிலை வியாபாரத்தில் பழைய வழக்கம். தூளை மூன்று தடவை மாற்றிய காசு போனது போகட்டும்.

நாளைக் காலையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், அது இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கொதிக்க வைத்து ஆளுக்கு ஒரு தேக்கரண்டி தூள், பால் சர்க்கரை எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து வடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று செம்பு மாதிரி தெளிவாக இருக்கும். இன்னொன்று குட்டைத் தண்ணீர். அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் டம்ளர் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டும். வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூன்று மாதமாக அவர் கைப்பக்குவத்தின் மேல் பழி போயிருக்குமே, அது தீரட்டும்.

ஆற்றுத் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வரும் என்றால் டீக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூட ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் வெறும் டீக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும், பால் டீக்குப் பரவாயில்லை. இரண்டுமே இல்லாத நாளில் உப்புத் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். உப்பு போகாது, ஆனால் படலம் குறையும்.

தண்ணீர் சரியானால் முக்கால்வாசி முடிந்தது. மீதி, போடும் முறை. நம் பக்கத்தில் டீக்கடையைப் பேக்கரி என்றுதானே சொல்கிறோம், அந்தப் பேக்கரி மாஸ்டர் என்ன செய்கிறார் என்று முப்பது வருடம் பார்த்திருப்பீர்கள். தூள் துணி வடிகட்டியில் தனியாக இருக்கும், கொதிக்கும் தண்ணீர் அதன்மேல் இறங்கும், பால் வேறு பாத்திரத்தில் காயும். இரண்டும் சேர்வது டம்ளரில்தான். வீட்டில் நாம் பால், தண்ணீர், தூள், சர்க்கரை நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, பொங்கப் பொங்க அணைத்து அணைத்துக் கொதிக்க விடுகிறோம். பாலில் உள்ள புரதம் டீயின் சாரத்தைத் தண்ணீரில் இறங்கும்போதே பிடித்துக்கொள்கிறது. சாயம் இறங்கவில்லை என்று இன்னும் கொதிக்க விடுவோம், துவர்ப்பு ஏறும். அதனால் ஆளுக்கு 70 மில்லி தண்ணீர் கொதித்ததும் ஒரு தேக்கரண்டி தூள், தலை தட்டிப் போடுங்கள். அரை நிமிடம் கொதித்தால் போதும். அணைத்து மூடி, மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். பாலைத் தனியே காய்ச்சி 50, 60 மில்லி சேருங்கள். இரண்டு தடவை தூக்கி ஆற்றுங்கள். ஆற்றுவது நுரைக்காக மட்டும் இல்லை, நாக்கு தாங்கும் சூட்டுக்கு வந்தால்தான் மணம் தெரியும்.

நாட்டுச்சர்க்கரை போட ஆசை என்றால் கவுந்தப்பாடிச் சர்க்கரையை வாங்குங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். ஆனால் அடுப்பில் பால் கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடும், இறக்கி டம்ளரில் கலக்க வேண்டும். தூள் டப்பாவை மசாலாப் பெட்டி, பெருங்காயம், சூடம் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். குன்னூரிலிருந்து ஒரு முறை நல்ல பனிக்கால இலை கொண்டுவந்து, என் புத்திசாலித்தனத்தில் துணி அலமாரியில் பத்திரப்படுத்தினேன். ஒரு மாதம் அந்துருண்டை டீ குடித்தோம்.

பையன் வாங்கிய கிரீன் டீயின் மேல் தப்பில்லை. அதைக் கொதிக்க வைத்ததுதான் கசப்புக்குக் காரணம். தண்ணீர் கொதித்து இறக்கி நாலைந்து நிமிடம் ஆறியபின் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பிடிக்காததை நல்லது என்று குடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டுக்காரம்மாவுக்கு ரத்தம் கம்மி என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், சாப்பாட்டோடு சேர்த்து டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். சாப்பாட்டிலிருந்து இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும்.

இனி செடிக்கு வருவோம். அங்கேயும் குற்றவாளி அதே ஆள்தான், இன்னும் கோபமாக. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க, ஏறக்குறைய இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பும் சேர்ந்து அந்தக் கழிவில் போகிறது. அதாவது உங்கள் கிணற்றைவிட உப்பான தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், நிச்சயம் இருக்கும். வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் இலை நுனியிலிருந்து கருகுவது இதனால்தான். வாடுகிறதே என்று மேலும் ஊற்றியிருப்பீர்கள். வீணாக்கக் கூடாது என்று நினைத்தீர்கள் பாருங்கள், அந்த எண்ணத்தில் தவறே இல்லை. தண்ணீருக்கு அலைந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு சொம்பு கீழே போனாலும் நெஞ்சு பதறும். அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். தொட்டிக்கு மட்டும் வேண்டாம்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று வாங்கி, கிணறு, ஆற்றுத் தண்ணீர், ஆர்.ஓ., கழிவு நான்கிலும் முக்கிப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்று இருக்கிறது. கழிவுத் தண்ணீரின் எண்ணைப் பார்த்தபின் நான் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இப்போது இருக்கும் தொட்டிகளைக் காப்பாற்ற மழைதான் மருந்து. ஐப்பசி மழைக்கு எல்லாவற்றையும் திறந்தவெளியில் தள்ளி வையுங்கள், அடித் துளை அடைக்காமல் இருக்கட்டும், உப்பு கரைந்து கீழே ஓடட்டும். அதுவரை பொறுக்காது என்கிற செடிக்கு, பத்து லிட்டர் தொட்டி என்றால் இருபது லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வழிய விடுங்கள். நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 90 லிட்டருக்கு மேல் தண்ணீர். உங்கள் மாடி எத்தனை நூறு சதுர அடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தறிக்காரருக்குக் கணக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் போகட்டும், இரண்டாவது மழையிலிருந்து டிரம்மில் பிடியுங்கள். வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், கொசு வந்துவிடும். மண் இலகுவாக இருக்கப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குவீர்கள் என்றால், ஊற வைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். கழுவாத கட்டியிலும் உப்பு இருக்கும்.

டீச்செடி? வேண்டாமுங்க. அதற்கு அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. உங்கள் மண்ணும் தண்ணீரும் சுண்ணாம்புப் பக்கம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை, அங்கே வருடத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உங்கள் ஊரில் 600-ஐ ஒட்டி இருந்தால் நல்ல வருடம். போதாததற்கு ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரே மதியத்தில் தொட்டியைக் காய வைத்துவிடும். டீச்செடியைக் கொண்டுவந்து மாடியில் வைத்து வதைப்பதைவிட, டீக்குத் துணைச் செடிகளை வையுங்கள்.

அதில் முதலிடம் எலுமிச்சைப்புல்லுக்கு. அதிகம் கேட்காத செடி, ஒரு தூர் வைத்தால் இரண்டு வருடத்தில் தொட்டியை உடைக்கப் பார்க்கும். டீ கொதிக்கும்போது நறுக்கிப் போடாதீர்கள். ஒரு இலையைக் கையில் நன்றாகக் கசக்கி, முடிச்சாகக் கட்டி, அணைத்த பிறகு பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். புதினாவுக்கு நாற்றங்கால் போக வேண்டாம். சந்தையில் வாங்கும் கட்டிலேயே நல்ல தடித்த நாலு தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளையாக நூல் நூலாக வேர் விடும். நூலோடு வாழ்ந்தவர், உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் புதினாவுக்கு ஆகவே ஆகாது. துளசி, ஒரு துண்டு இஞ்சி, அவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. காகிதப்பூவும் அரளியும் உப்பைத் தாங்கும், நிறத்துக்கு அவை இருக்கட்டும். வெந்தயத்தை ஒரு அகலத் தொட்டியில் தூவுங்கள், மூன்று வாரத்தில் கீரை. கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தால்தான் சீராக முளைக்கும்.

வடித்த டீத்தூளைச் செடிக்குப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பால், சர்க்கரையோடு போட்டால் எறும்புதான் வளரும். அலசி, காய வைத்து, மக்குக் குழியில் சேருங்கள்.

கடைசியாக, கூச்சப்பட்டுக் கேட்ட கேள்வி. இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன்.

நான் ஓய்வு பெற்ற முதல் வருடம் ஒரு டீயையும் நிம்மதியாகக் குடிக்கவில்லை. வாயில் வைத்ததும் மனசு தானாக மதிப்பெண் போடும். நிறம் பரவாயில்லை, கட்டு போதாது, இலையைக் கொஞ்சம் கூடுதலாக வாட்டியிருக்கிறார்கள், இப்படி. விருந்தாளி வீட்டில் உறிஞ்சிய சத்தத்தில் அந்தம்மா திரும்பிப் பார்த்ததும் நடந்தது. "மார்க் போடாம ஒரு வாய் குடிங்க" என்று வீட்டில் சொன்னார்கள். துப்பிப் பழகியவனுக்கு விழுங்குவதும் ஒரு பழக்கமாக வர வேண்டியிருந்தது.

உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். அது குற்ற உணர்ச்சி மாதிரித் தெரிகிறது, ஆனால் காது இன்னும் வேலையில் இருக்கிறது. எத்தனை தறி ஓடுகிறது, எது நின்றது, எதில் தாளம் மாறுகிறது என்று மாடியில் உட்கார்ந்தே உங்களால் சொல்ல முடியும். கையில் டம்ளர், காது கீழே. அப்புறம் டீ எப்படி இனிக்கும்? மனசை மாற்று என்று சொல்லிப் பயனில்லை, காதுக்கு வேறு வேலை கொடுக்கலாம். படிக்கட்டுப் பக்கம் போட்ட நாற்காலியை எடுத்து, தறிக்கூடத்துக்கு எதிர் மூலையில், செடிகளுக்கு நடுவே போடுங்கள். ஒரு செம்பருத்தியும் அங்கே இருக்கட்டும், தேன்சிட்டு வரும். கட்டைவிரல் அளவுப் பறவை, அதன் சத்தம் மட்டும் ஊசி மாதிரி எந்த இரைச்சலையும் துளைத்துக்கொண்டு வரும். காலையில் ஷிப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரத்தில் முதல் டீயை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கேட்பதற்கும் கீழே ஒன்றும் இருக்காது.

பதினோரு மணி டீயை மட்டும் மேலே குடிக்க வேண்டாம். அது உங்களுக்கு என்றைக்கும் தனியாகக் குடித்த டீ இல்லையே. தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள், நீங்களே போட்டுத் தூக்குப்போசியில் கீழே கொண்டுபோங்கள். பத்துப் பேருக்கு என்றால் 700 மில்லி ஆற்றுத் தண்ணீர், பத்துத் தேக்கரண்டி தூள், அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால். எலுமிச்சைப்புல் இரண்டு முடிச்சு. சர்க்கரையைப் போசியில் கலக்காமல் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போங்கள், உங்கள் வயது ஆட்கள் அங்கே யாராவது போடாமல் குடிப்பவராக இருப்பார். பையன் என்ன சொன்னான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மீட்டரில் கழிவுத் தண்ணீர் என்ன எண் காட்டியது என்றும்.